பழைய வண்டியில் இரண்டு சிவப்பு

காரில் பாட்டுப்பெட்டி பொருத்துவது பெரிய வித்தை என்று நினைப்பவர்கள், ஒரு முறை சித்திரை மாத மத்தியானத்தில், கால் வெளியே கிடக்க, தலை டாஷ்போர்டுக்குக் கீழே தொங்க, வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்து பார்க்க வேண்டும். வித்தை ஒன்றும் இல்லை. கழுத்து வலி உண்டு. வண்டிக்காரர்களின் பேச்சு உண்டு. அவ்வளவுதான்.

காரைக்குடியில் நான் ரேடியோக் கடை வைத்த புதிதில், அறுபதுகளில், வருஷத்துக்கு மூன்று நான்கு கார்கள் வரும். அப்போதெல்லாம் வால்வு செட்டுதான். அது சூடேறிப் பாடத் தொடங்குவதற்குள் வண்டி பாதி ஊரைத் தாண்டிவிடும். இறங்குகிற இடம் வந்ததும் அணைத்துவிடுவார்கள். பிறகு கடைக்கு வந்து, "பாய், செட்டு பாடவே மாட்டேங்குது" என்பார்கள். நான் சாலைக்கு வந்து கூடவே ஒரு சுற்றுப் போய், அது பாடுகிறது என்று காட்டிவிட்டு வருவேன். எழுபதுகளில் டிரான்சிஸ்டர் செட்டுகள் வந்தன. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்துக் கேசட் போடுகிற செட்டுகளைக் கொண்டுவந்தார்கள். சூடேறக் காத்திருக்கும் தொல்லை போயிற்று. வேறு தொல்லைகள் வந்தன.

எந்த வண்டி வந்தாலும் அதற்கென்று நோட்டில் ஒரு பக்கம் எழுதிவிடுவது என் வழக்கம். பேட்டரி எத்தனை வோல்ட், டாஷ்போர்டுக்குப் பின்னால் எத்தனை அங்குல இடம், கதவுக்குள் கண்ணாடி இறங்கிய பிறகு மிச்சம் எவ்வளவு, எர்த்து எது. கடைக்கு எதிரே டீக்கடையில் இருப்பவர்கள், "பாய் காருக்கு ஜாதகம் எழுத ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எர்த்து எது என்று எழுதாமல் வேலையைத் தொடங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கு இரண்டு முனை. ஒரு முனையிலிருந்து வயர் இஞ்சினுக்கும் விளக்குகளுக்கும் போகும். இன்னொரு முனையை வண்டியின் இரும்பு உடம்போடு பிணைத்துவிடுவார்கள். அதற்குத்தான் எர்த்து என்று பெயர். புது வண்டிகளில் உடம்போடு பிணைப்பது மைனஸ் முனையை. பழைய சீமை வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனையை. டிரான்சிஸ்டர் செட்டு புது வண்டிக்காகச் செய்தது. அதன் தகர உறையே மைனஸ். அதைப் பழைய வண்டியின் இரும்பில் கொண்டுபோய்த் திருகினாலும் போயிற்று, வயர் இரண்டையும் மாற்றி மாட்டினாலும் போயிற்று. ஒரு நொடி போதும்.

இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப எப்ப பாய் தருவீக?" என்றுதான் கேட்பார்கள்.

கானாடுகாத்தானில் ஒரு நகரத்தார் வீடு. அந்த வீட்டில் இரண்டு கார். ஒன்று, நாடு விடுதலை ஆவதற்கு முன்பே வாங்கிய சீமைக் கார். கறுப்பு. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியைச் சாத்துகிற சத்தம் வரும். இன்னொன்று, வருஷக்கணக்கில் பதிந்து காத்திருந்து எடுத்த புது வண்டி. அந்த வீட்டு மகன் பினாங்கில் இருந்தார். சிறு வயதிலிருந்தே அவரை எனக்குத் தெரியும், அதனால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். தங்கையின் கல்யாணத்துக்காக வந்தவர், ஒரே மாதிரியான இரண்டு செட்டுகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"ஒன்னு புது வண்டிக்கு, ஒன்னு பழசுக்கு. கல்யாணத்துக்கு ரெண்டும் பாடணும் பாய்."

"பழசுக்கு வேணுமா தம்பி? அதுல எர்த்து மாறி இருக்கும்."

"மாறி இருந்தா மாத்திருங்க."

எர்த்து கதை முழுவதையும் சொன்னேன். பாதியிலேயே கடிகாரத்தைப் பார்த்தார்.

"பினாங்குல காலையில வண்டியை விட்டா, சாயங்காலம் பாட்டோட எடுத்துட்டு வந்துருவோம் பாய்."

"அங்க விட்டது புது வண்டியா இருக்கும் தம்பி."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒரு பாட்டுப்பெட்டியக்கூட ஒத்துக்காத வண்டியை வச்சுக்கிட்டு என்ன செய்யிறது? மெட்ராஸ்லருந்து ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. கல்யாணம் முடிஞ்சு மறுநா பாக்க வாராரு. செட்டு பாடுச்சுன்னா வண்டி ஆத்தாளுக்கு நிக்கட்டும். பாடலைன்னா கல்யாணத்துக்கும் எடுக்க வேணாம், கொட்டகையிலயே கெடக்கட்டும். அப்படியே அவரோட போகட்டும்."

அவர் பேசும்போது பழைய வண்டியின் டிரைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அந்த ஒரு வண்டியை மட்டுமே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். புது வண்டிக்கு வேறு டிரைவர் இருந்தார். அதில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். இவருக்கு அது கை பழகவில்லை. ஒரு முறை எடுத்துப் பார்த்துக் கொட்டகைத் தூணில் கொண்டுபோய் முட்டியதோடு சரி. வேறு வீட்டில் வேலை தேடலாம் என்றால், அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டின வீட்டில் டிரைவருக்கு என்ன வேலை?

மகன் கடையை விட்டு இறங்கியதும் டிரைவர் உள்ளே வந்தார்.

"பாய், போகட்டும்னு சொன்னாகளே, அது வண்டியத்தான?"

"வண்டி போனா நீங்க எதை ஓட்டுவீக?"

"அதத்தான் பாய் நானும் கேக்குறேன்."

ஒரு மனிதனுடைய பிழைப்பைக் கொண்டுபோய் ஒரு டேப் செட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதை நான் பொருத்த வேண்டும். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை என்று என் வீட்டில் சொன்னார்கள்.

முதலில் புது வண்டியை எடுத்தேன். எளிய வேலை என்று நினைத்துத்தான் எடுத்தேன். டாஷ்போர்டில் செட்டுக்கென்றே ஓட்டை விட்டு, அதைத் தகட்டால் மூடியிருப்பார்கள். தகட்டைக் கழற்றினால் செட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எர்த்தும் சரியாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் பாடியது. ஆனால் பாட்டோடு சேர்ந்து இஞ்சினும் பாடியது. வண்டி வேகம் எடுக்க எடுக்க ஸ்பீக்கரில் ஒரு ஙொய்ங் சத்தம் உயர்ந்துகொண்டே போகும். அதை அடக்க ஒரு மத்தியானம் முழுதும் போயிற்று. அடக்கிவிட்டு நிமிர்ந்தால் மகன் வந்து நிற்கிறார்.

"ஸ்பீக்கர் ரெண்டையும் முன் கதவுல வைங்க பாய்."

"பின்னால கண்ணாடிக்குக் கீழ இருக்கிற பலகையில வைக்கலாம் தம்பி. இடம் இருக்கு."

"பினாங்குல கதவுலதான் வைக்கிறாக."

நோட்டைத் திறந்து காட்டினேன். ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தம் இரண்டேகால் அங்குலம். கண்ணாடி இறங்கிய பிறகு கதவுக்குள் மிச்சம் ஒன்றரை அங்குலம்.

"காந்தத்துல இடிச்சுக் கண்ணாடி பாதியில நின்னுரும். அதுக்குக் கீழ இறங்காது."

"பாதி இறங்குனா பத்தாதா பாய்? காத்து வந்துட்டுப் போகுது."

முக்கால் அங்குலம் குறைகிறது என்று ஒரு மனிதரிடம் எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? மூன்று விதமாகச் சொன்னேன். பிறகு கதவுகளை வட்டமாக அறுத்தேன். மெல்லிய தகரம். அறுக்கும்போதே நடுங்கியது. செட்டைப் போட்டால் தவில் அடிக்கும்போதெல்லாம் கதவும் தனியாக ஒரு அடி அடித்தது. உள்ளே கம்பளித் துணியை ஒட்டி அதை அடக்கினேன். கண்ணாடி நான் சொன்ன இடத்திலேயே நின்றது. மகன் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார்.

பிறகு பழைய வண்டி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, செட்டு வைக்க இடமும் இல்லை. டாஷ்போர்டு முழுக்க மரம். கண்ணாடிபோல மெருகேறியிருந்தது. நான் அங்குலக் கோலை அதன் மேல் வைத்ததும், தம்பியின் தாயார், வீட்டு ஆச்சி, எங்கிருந்து பார்த்தார்களோ, கொட்டகைக்கே வந்துவிட்டார்கள்.

"பாய், அந்தப் பலகையில ஓட்டை போட்டீகன்னா நான் வந்து உங்க கடை வாசல்ல உக்காந்துருவேன்."

"போடலை ஆச்சி. அளவுதான் எடுக்கிறேன்."

"அளவு எடுத்தா அடுத்து என்ன செய்வீகன்னு எனக்குத் தெரியாதா? வண்டிக்குள்ள எதுக்குப் பாட்டு? நான் கோயிலுக்குப் போறேனா, கொட்டகைக்குப் படம் பாக்கப் போறேனா?"

"தம்பிதான் சொன்னாரு."

"அவன் சொல்வான். பினாங்குல சொல்லட்டும்."

கடைசியில் டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடுகிற மாதிரி ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னேன். செட்டின் தகர உறை வண்டியின் இரும்பில் எங்கேயும் படக்கூடாது என்பதால் எப்படியும் அது தேவைதான். பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ரப்பர், தொங்கவிடத் தோல்வார். இதை வரைந்து, அளவு போட்டு, ஆசாரியிடம் கொடுத்துவிட்டுப் பேட்டரியைப் பார்க்கப் பானட்டைத் திறந்தேன்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். எதிர்பார்த்ததுதான். பிளஸ் முனை உடம்போடு பிணைத்திருந்தது. இஞ்சினுக்குப் போகிற முனை மைனஸ். அந்த மைனஸ் முனையின் மேல் சந்தனம் தடவி, நடுவில் பெரிதாகக் குங்குமப் பொட்டு.

"இது என்ன டிரைவரண்ணே?"

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வைக்கிறதுதான் பாய். வண்டி கழுவி, ஹெட்லைட்டுக்கு ரெண்டு, ஸ்டியரிங்குக்கு ஒன்னு, பேட்டரிக்கு ஒன்னு."

"பேட்டரியில ரெண்டு மொனை இருக்கு. ஏன் இதுல மட்டும்?"

"இதுலருந்துதான பாய் கரண்டு போகுது? தொட்டா பொறி பறக்குதே! அது வெறும் எர்த்து. எர்த்துன்னா மண்ணு. மண்ணுல போயி யாராச்சும் பொட்டு வைப்பாகளா?"

அவருக்குத் தெரிந்த அளவில் அதில் பிசகே இல்லை. ஆனால் என் தொழிலில் சிவப்பு என்றால் பிளஸ். அங்கே சிவப்பு மைனஸில் இருந்தது. அதைத் துடைத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். அது அவர் சாமிக்கு வைத்தது. நான் ஒரு முஸ்லிம், குங்குமத்தைத் துடையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, பிளஸ் வயரைச் சுற்றிச் சிவப்புத் துணி டேப் ஒன்றை ஒட்டினேன். "இதுதான் பிளஸ். இத மறந்துறாதீக" என்றேன். "மறப்பேனா பாய்?" என்றார்.

பெட்டி வந்து பொருத்தப் போன நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. வேறு நாள் பார்த்திருக்கலாம். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. காலையில் பெட்டியைத் தொங்கவிட்டேன். பின்பலகையில் இரண்டு ஸ்பீக்கரையும் சிறு பெட்டிகளில் வைத்தேன். அறுக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு டிரைவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஜும்மா தொழப் போனேன்.

நான் திரும்பி வரும்போது அவர் வண்டியைக் கழுவி முடித்திருந்தார். இஞ்சினையும் துடைத்திருந்தார். மிச்சம் இருந்தது பேட்டரி இணைப்பு மட்டும். நான் மறுபடி டாஷ்போர்டுக்குக் கீழே போய்ப் படுத்தேன். பெட்டியின் ஒரு வார் இன்னும் திருகவில்லை. இடது கையால் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, வாயில் திருகாணியோடு, வலது கையால் செட்டின் ஸ்விட்சைப் போட்டு வைத்தேன். செட்டிலிருந்து சிவப்பு வயரும் கறுப்பு வயரும் பேட்டரி வரை போயிருந்தன. எழுந்து போய் மாட்டிவிட்டு வர வேண்டும். கழுத்து வலித்தது. எழவில்லை.

"டிரைவரண்ணே, செவப்பைச் செவப்புல மாட்டுங்க. கறுப்பை இன்னொன்னுல."

"எந்தச் செவப்புல பாய்?"

அவர் கேட்டார். அதை நான் எத்தனை தடவை நினைத்தாலும் மாற்ற முடியாது. அவர் கேட்டார்.

"ஒரே செவப்புத்தான இருக்கு அங்க!" என்று கத்தினேன்.

நான் ஒட்டிய சிவப்பு டேப் இரண்டு வாரத்தில் எண்ணெயும் மசியும் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. அவர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வைத்த குங்குமம் புதிதாக இருந்தது. அவர் பார்வையில் அங்கே உண்மையாகவே ஒரே சிவப்புதான். சிவப்பு வயரைக் குங்குமத்தில் மாட்டினார். என் முகத்துக்கு நேராக இருந்த செட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். உடனே வாடை. அந்த வாடையை ரேடியோக்காரர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்படி நடந்தால் காப்பாற்றுவதற்காக வயரில் ஒரு ஃபியூஸ் போட்டிருந்தேன். அந்த ஃபியூஸ் மட்டும் பத்திரமாக இருந்தது.

வீட்டிலிருந்து மகன் வந்தார்.

"என்ன பாய், பொகை வருது?"

டிரைவர் முன்னால் வந்தார். "நாந்தாங்கய்யா மாட்டுனேன்."

நான் வெளியே வந்து நின்றேன். "மாட்டச் சொன்னது நான் தம்பி. எந்தச் செவப்புன்னு கேட்டாரு. ஒரே செவப்புத்தான்னு சொன்னதும் நான்தான். தப்பு என்னோடது."

எல்லாவற்றையும் விளக்கினேன். டேப், குங்குமம், பிளஸ், மைனஸ். அவர் என்னையும் பார்க்கவில்லை, டிரைவரையும் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார்.

"யாரு சொன்னா என்ன, யாரு மாட்டுனா என்ன பாய்? புது வண்டியில பொகை வந்துச்சா? வரலைல்ல? இதுலதான வந்துச்சு?"

தப்பு என்னுடையது என்று ஒருவன் வாய்விட்டு ஒத்துக்கொள்கிறான், அதைக் கேட்காமல் வண்டியின் மேல் போடுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் திருப்புளியைப் பைக்குள் போடும்போது பையே கிழிந்தது.

"கல்யாணத்துக்குள்ள சரி பண்ணித் தரேன் தம்பி."

"பண்ணுனா சரி. பண்ணலைன்னா கொட்டகையிலயே கெடக்கட்டும். நாஞ் சொன்னதுதான்."

கடையில் செட்டைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் ஸ்பீக்கரை ஓட்டுகிற டிரான்சிஸ்டர் இரண்டும் போயிருந்தன. மற்றவை பிழைத்திருந்தன. காரைக்குடியில் அந்த டிரான்சிஸ்டர் இல்லை. திங்கட்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறினேன். நான்கு கடைகளில் டிரான்சிஸ்டரின் எண்ணைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஐந்தாவது கடையில் ஒருவர், "அது இல்லை பாய், இதைப் போட்டுப் பாருங்க" என்று வேறு ஒரு ஜோடி கொடுத்தார். உயரம் கூடுதல். அதை வைத்தால் செட்டின் மூடி மூடாது. மூடியில் இரண்டு ஓட்டை போட்டு அவற்றின் தலையை வெளியே விட்டேன். பார்க்க அழகாக இல்லை. மரப்பெட்டிக்குள்தானே இருக்கப்போகிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மேசைமேல் பாடியது. புதன்கிழமை கானாடுகாத்தான் போனேன்.

பானட்டைத் திறந்தேன். இரண்டு முனையிலும் குங்குமம்.

"இது என்ன அண்ணே?"

"ரெண்டுக்கும் வச்சுட்டேன் பாய். இப்ப எதுல மாட்டுனாலும் செவப்புத்தான். குழப்பமே இல்ல."

அவரைக் கூட்டிப்போய்க் கொட்டகை வாசலில் நிறுத்தி, நான் கூப்பிடும் வரை அங்கிருந்து நகரக் கூடாது என்றேன். மீட்டரை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். நானே போனேன், நானே மாட்டினேன், நானே திரும்பி வந்து படுத்து ஸ்விட்சைப் போட்டேன். நாதஸ்வரம் வந்தது. புது வண்டியைவிட நன்றாகவே வந்தது, சும்மா சொல்லவில்லை. கனத்த கதவுகள், கனத்த மெத்தை. எதுவும் கூடச் சேர்ந்து அதிரவில்லை. கொட்டகை வாசலிலிருந்து, "பாய், வரலாமா?" என்று சத்தம் வந்தது.

மகன் வந்து கேட்டார். "பாடுதே" என்றார். போகும்போது திரும்பி, "கல்யாணத்துக்கு இதையும் எடுப்போம். வழியில நின்னுச்சுன்னா? நீங்களும் இதுலயே வந்துருங்க பாய்" என்றார்.

அப்படித்தான் கல்யாணத்துக்கு முதல் நாள் நான் பழைய வண்டியின் முன்சீட்டில், மடியில் கருவிப் பையோடு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் நெற்குப்பைக்காரர். அவரை அங்கே போய் அழைத்து, பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட வைத்து, கானாடுகாத்தானுக்குக் கூட்டி வருவது ஏற்பாடு. சம்பந்தி என்பதால் அவரைப் புது வண்டியில் முன்சீட்டில், கதவுப் பாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார் மகன். டிரைவரை இறக்கிவிட்டுத் தானே ஓட்டினார். நாங்கள் மாலைக் கூடைகளோடும் பழத் தட்டுகளோடும் பின்னால் போனோம். முன்னால் போகிற வண்டியின் பாட்டு எங்களுக்கே கேட்டது.

இரண்டு மைல்கூடப் போயிருக்க மாட்டோம். புது வண்டி ஓரமாக நின்றது. மகன் ஒரு பக்கம் இறங்கி ஓடி வந்தார். சம்பந்தி மறுபக்கம் மெதுவாக இறங்கினார். நல்ல கனத்த உடம்பு. வாய் நிறைய வெற்றிலை. பட்டு வேட்டியில் மடியிலிருந்து முழங்கால் வரை வெற்றிலைச் சாறு. கண்ணாடியிலும் வழிந்துகொண்டிருந்தது. துப்புவதற்காகக் கண்ணாடியை இறக்கியிருக்கிறார். அது பாதியில் நின்றுவிட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாய் தாங்காமல் அதற்கு மேலே இருந்த இடைவெளியில் துப்பியிருக்கிறார்.

"என்னப்பா வண்டி இது? கைப்பிடியச் சுத்துறேன், சுத்துறேன், எறங்கவே மாட்டேங்குது!"

"அதுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு மாமா."

"அங்குட்டு எதுக்கு அது? மனுசன் துப்புறதுக்கு எடம் வேணாமா?"

மகன் என்னைப் பார்த்தார். முக்கால் அங்குலம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

வேட்டியைத் தண்ணீர் விட்டுக் கசக்கிய பிறகு சம்பந்தி புது வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வந்து பழைய வண்டியின் பின்கதவைத் திறந்து, பழத் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி சத்தமில்லாமல் கடைசி வரை இறங்கியது. தலையை வெளியே நீட்டி, ஆற அமரத் துப்பினார்.

"இது வண்டி" என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இதுதான் நேரம் என்று நினைத்து, கையை நீட்டிச் செட்டைப் போட்டார். நாதஸ்வரம் தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அத அமத்துப்பா. காதுக்குள்ள வந்து ஊதுறான்."

அமத்தினார். அதோடு சரி. பிள்ளையார்பட்டி வரை சம்பந்தி, ரங்கூனில் தன் தகப்பனார் வைத்திருந்த வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கோயில் வாசலில் மகன் வந்து, "மாமா, கண்ணாடியச் சுத்தமாத் தொடச்சாச்சு. அதுலயே போவோம்" என்றார்.

"நீங்க அதுல வாங்க. நான் இதுலயே வாரேன். நாளைக்கும் எனக்கு இதையே அனுப்புங்க. பொண்ணு மறுவீடு வாரப்பவும் இதுலயே வரட்டும்."

கல்யாணம் முடிந்த மறுநாள் வருவதாக இருந்த மெட்ராஸ்காரருக்கு வர வேண்டாம் என்று தந்தி போயிற்று. கதவு ஸ்பீக்கர்களைக் கழற்ற வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார் மகன்; நான் போனபோது அவரே அதைச் சொன்னார். சலித்துக்கொண்டுதான் சொன்னார்.

"சம்பந்தி வாயால கேட்ட வண்டிய எப்படி பாய் விக்கிறது? அடுத்த தடவ வந்து, எங்க அந்த வண்டின்னு கேட்டா என்ன சொல்வேன்? கெடக்கட்டும். டிரைவரும் கெடக்கட்டும்."

கதவிலிருந்து ஸ்பீக்கர்களை எடுத்துப் பின்பலகைக்கு மாற்ற ஒன்றரை நாள். அறுத்த இரண்டு வட்டங்களையும் பிளைவுட்டால் மூடினேன். நான் முதலில் சொன்ன இடத்தில் வைத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. இதை அவரிடம் சொல்லவில்லை. நோட்டில் எழுதினேன்.

அடுத்த வாரம் பழைய வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. டிரைவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கினார்.

"பாய், உங்க செட்டு என் வேலையக் காப்பாத்திக் குடுத்துருச்சு. ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

எனக்கு அது பொறுக்கவில்லை. இல்லாத பெருமையை வாங்கிக்கொள்வது எனக்குப் பழக்கம் இல்லை.

"அண்ணே, செட்டு பாடினது ரெண்டு நிமிஷம். அதையும் அவரு அமத்தச் சொன்னாரு. நீங்களும் பக்கத்துலதான இருந்தீக? உங்க வேலையக் காப்பாத்துனது ஜன்னல்."

"அதெப்படி பாய்?"

"புது வண்டியில கண்ணாடி எறங்கலை. உங்க வண்டியில எறங்குச்சு. அவ்வளவுதான். இதுல செட்டு எங்க வந்துச்சு?"

அவர் வாழைப்பழத்தை என் மேசைமேல் வைத்தார்.

"செட்டு பாடலைன்னா வண்டி கொட்டகையிலதான கெடக்கும் பாய்? கொட்டகையில கெடக்குற வண்டியில சம்பந்தி எப்படி வந்து ஏறுவாரு?"

அவர் சொன்னதை முதலிலிருந்து ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு பிசகு இருக்கும் என்று தேடினேன். வயரை எங்கே மாட்ட வேண்டும் என்று தெரியாத மனிதர், இதில் ஒரு இடத்தில்கூடத் தப்பாக மாட்டவில்லை.

"பழம் நல்லா இருக்கும் பாய். சாப்புடுங்க" என்றார்.